சீலாவும் களவாவும் மோதினால்?

ஃபுளோரிடாவின் பவளப்பாறைகளில் வசிக்கும் சீலா மீனும், 300 கிலோவுக்கும் அதிகமாக வளரக்கூடிய பெருங்களவாவும் துவந்த யுத்தத்தில் இறங்கினால் ஜயம் எதற்கு என்று கேட்பது, கிரேஹவுண்டையும் புல்டாக்கையும் மோதவிட்டுப் பார்க்க விரும்புவதை ஒக்கும். மெலிந்து நீண்ட சரீரமுடைய சீலா, அதிவேகமாய்ப் பாய்ந்து, கூரிய பற்களால் இரையை இரண்டாகத் துண்டித்துவிடும். களவாவோ துரத்தாமல் காத்திருந்து, செவுள் மூடிகளை விரித்து வாயைத் திடீரென்று அகலத் திறக்க, அந்த க்ஷணத்தில் உட்பாயும் ஜலத்தோடு இரையும் சேர்ந்து இழுபட்டு மறைந்துவிடும். நெருங்கிய போரில் களவாவே வெல்லும் என்பது என் துணிபு. ஆயினும் அப்போர் நிகழ்வது அரிது; நாய்களின் உவமை இங்கே பொருந்தாது. ஏனெனில், 1835-ல் இங்கிலாந்து தடைசெய்த காளைமீது நாய்களை ஏவும் சண்டைக்கென்றே மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த பிராணி புல்டாக். மீனுக்கோ, தாடையில் காயம்பட்டால் இரை பிடிக்க வேறு சாதனமில்லையாதலால், விழுங்க இயலாத பகையை விட்டு அது விலகிப் போய்விடுகிறது.