திரைப்பட அங்கதமும் சமயப் பார்வையாளரின் எதிர்வினையும்: பராசக்தி முதல் மூக்குத்தி அம்மன் வரை

ஆய்வுச் சுருக்கம்

சமூக, அரசியல் அங்கதம் கொண்ட வெகுமக்கள் திரைப்படங்களுக்குச் சமயப் பற்றுடைய பார்வையாளர் காட்டும் எதிர்வினை, கண்டனத்தின் கடுமையை மட்டும் பொறுத்து அமைவதில்லை. அக்கண்டனத்தைக் கூறுவோர் யார், எவ்விடத்தில் நின்று கூறுகிறார் என்பதைப் பொறுத்தே அது பெரிதும் வேறுபடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 'முன்னம்' என்னும் உறுப்பின் துணைகொண்டு பராசக்தி (1952), மெர்சல் (2017), மூக்குத்தி அம்மன் (2020) ஆகிய மூன்று படங்களின்வழி இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

கருச்சொற்கள்: அங்கதம், முன்னம், பழிப்பது போலப் புகழ்தல், சமயப் பார்வையாளர், தணிக்கை.

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931ஆம் ஆண்டு முதலே சமயக் கதைகளும் சமூக விமர்சனமும் அதில் அடுத்தடுத்து இடம்பெற்று வந்துள்ளன. கோயில், பூசாரி, சாமியார், நேர்த்திக்கடன் முதலியவற்றை எள்ளி நகையாடும் காட்சிகள் சில படங்களில் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன. வேறு சில படங்களில் தடைக் கோரிக்கை வரை சென்றன. இவ்வேறுபாட்டைக் காலத்தின் சகிப்புத்தன்மை கூடியது அல்லது குறைந்தது என்று விளக்குவது பொதுவழக்கு. ஒரே காலத்தில்கூட இருவகை எதிர்வினைகளும் காணப்படுவதால் அவ்விளக்கம் போதுமானதாக இல்லை. பனுவலின் அமைப்புக்குள்ளேயே இதற்கான காரணத்தைத் தேட வேண்டியுள்ளது.

அங்கதமும் முன்னமும்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுத்துள்ளார். வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துக் கூறுதல் பின்னது. இப்பகுப்பு கூறும் முறையை அடிப்படையாகக் கொண்டது. கேட்போர் அப்பழிப்பை எவ்வாறு ஏற்பர் என்பதை அறிவதற்கு இது மட்டும் போதாது.

அதே செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவை செய்யுள் உறுப்புகளாகக் கூறப்படுகின்றன. இவ்விடத்தில் இம்மொழியைக் கூறுதற்கு உரியவர் இவர், கேட்டற்கு உரியவர் இவர் என உணருமாறு அமைவது முன்னம். இவ்வுறுப்பு அகப்பாடலின் பொருள்கோளுக்குப் பெரிதும் பயன்படுவது. எனினும், ஒரு சொல்லின் பொருளை அதைச் சொல்பவரின் உரிமையோடு இணைத்துக் காணும் இப்பார்வை திரைப்பட அங்கதத்துக்கும் பொருந்துவதாகும். சமயப் பார்வையாளர் ஓர் அங்கதக் காட்சியைக் காணும்போது 'என்ன சொல்லப்படுகிறது' என்பதோடு 'இதைச் சொல்ல இவர் யார்' என்ற வினாவையும் எழுப்புகின்றனர்.

பக்தி மரபில் இகழ்ச்சி

இறைவனை இகழ்ந்து பேசுதல் தமிழ்ச் சமய மரபுக்குப் புறம்பானதன்று. பார்வையிழந்த சுந்தரர், ஒரு கண்ணைக் காஞ்சியில் பெற்றபின் திருவாரூரில் இறைவனிடம் முறையிடுகிறார். அடியவர் துன்புறுகையில் நீர் மட்டும் இனிது வாழும் என்ற எள்ளற்குரல் அம்முறையீட்டில் ஒலிக்கிறது. வன்றொண்டர் என்னும் பெயர் பெற்ற அவரது பாடல்கள் ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டு இன்றும் கோயில்களில் ஓதப்படுகின்றன. பழிப்பது போலப் புகழும் முறையைத் தண்டியலங்காரம் இலேச அணியின்பாற்படுத்துகிறது. காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் பல இம்முறைக்குச் சான்றாகும். அடியவர் என்ற உறவு உறுதிப்பட்டிருப்பதால் இங்கு இகழ்ச்சி உரிமையாகிறது.

ஏ.பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் (1965) இம்மரபின் திரைவடிவம் எனலாம். வறுமையில் வாடும் தருமியின் புலம்பலும், எதிரில் நிற்பவர் இறைவன் என அறியாமல் அவரோடு அவன் நிகழ்த்தும் உரையாடலும் புலவர் உலகின் மீதான அங்கதமாக அமைந்துள்ளன. பக்திப் படத்தின் நடுவே பார்வையாளர் மனம்விட்டுச் சிரிக்க அக்காட்சி இடமளித்தது. கதையின் முடிவு இறைவனின் பெருமையை நிலைநிறுத்துவதால் இடையில் எழும் சிரிப்பு நம்பிக்கைக்கு ஊறு செய்யவில்லை.

பராசக்தி: அம்மன் பேசாத கதை

கிருஷ்ணன், பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலுடன் 1952ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த பராசக்தியில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. கைம்பெண்ணான கல்யாணியிடம் பூசாரி கோயிலில் தவறாக நடக்க முயல்கிறான். அவளுடைய அண்ணன் குணசேகரன் பின்னர் அதே பூசாரியை அம்மன் சிலைக்குப் பின்னின்று அழைக்கிறான். பேசுவது அம்மனோ எனப் பூசாரி திகைக்க, அம்மன் எக்காலத்திலும் பேசியதில்லை என்ற பொருள்பட விடை வருகிறது. பூசாரியைக் கண்டிப்பதோடு நில்லாமல், தெய்வம் பேசும் என்ற நம்பிக்கையையும் அவ்விடை மறுக்கிறது. தெய்வத்தின் இடத்தில் நின்று மனிதன் பேசுகிறான், அவன் அடியவனுமல்லன். முன்னம் இங்கு முற்றிலும் மாறிவிடுகிறது.

படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தினமணி கதிர் இதழ் படத்தைக் கடுமையாகச் சாடியது. தி.மு.க.வினர் 'பரப்பிரம்மம்' என்னும் நாடகத்தை மேடையேற்றி அதற்கு விடையளித்தனர். தி.மு.க. 1949இல் தோன்றியிருந்த நிலையில், படத்தின் குரல் கதைமாந்தனுடையதாக மட்டுமன்றி ஓர் இயக்கத்தின் குரலாகவும் கேட்கப்பட்டது. எதிர்ப்பின் வலிமைக்கு இதுவும் காரணமாகும்.

எனினும் படம் பெருவெற்றி பெற்று நெடுநாள் ஓடியது. அதைக் கண்டவர் அனைவரும் இறைமறுப்பாளராக இருந்திருக்க இயலாது. அன்றைய தமிழ்ச் சமூகத்தின் பெரும்பான்மையோர் கோயில் வழிபாட்டினர். அவர்கள் படத்தை ஏற்றுக்கொண்டதற்கான வாயில் நீதிமன்றக் காட்சியில் உள்ளது. கோயிலே வேண்டாம் என்பது தன் நோக்கமன்று, கொடியவர்க்குப் புகலிடமாகக் கோயில் மாறக்கூடாது என்பதே நோக்கம் என்று குணசேகரன் விளக்குகிறான். சிலைக்குப் பின்னிருந்து எழுந்த மறுப்பை இவ்விளக்கம் சீர்திருத்தமாக மாற்றித் தருகிறது. தடை கோரியோர் சிலைக்காட்சியை மையமாகக் கொண்டனர் என்றும், படத்தை விரும்பிய வழிபாட்டினர் நீதிமன்றக் காட்சியை மையமாகக் கொண்டனர் என்றும் கருத இடமுண்டு. ஆகவே 'சமயப் பார்வையாளர்' என்பது ஒற்றைத் தன்மையுடைய கூட்டமன்று.

மூக்குத்தி அம்மன்: அம்மன் பேசும் கதை

ஆர்.ஜே. பாலாஜி, என்.ஜே. சரவணன் ஆகியோர் இயக்கிய மூக்குத்தி அம்மன் 2020ஆம் ஆண்டு தீபாவளியன்று இணையவழித் திரைத்தளத்தில் வெளியானது. குடும்பத் துன்பங்களில் உழலும் செய்தியாளன் ஒருவனுக்குக் குலதெய்வமான அம்மன் நேரில் காட்சியளிக்கிறாள். ஆன்மிகத்தின் பெயரால் பெருநிலப்பரப்பைக் கைப்பற்ற முயலும் சாமியார் ஒருவரின் சூழ்ச்சி வெளிப்படுவது கதையின் அரசியற் பகுதி. செய்தியாளனின் பெயர் ஏங்கல்சு இராமசாமி. இப்பெயரே பொதுவுடைமை, பகுத்தறிவு மரபுகளை நினைவூட்டும் ஓர் அங்கதக் குறிப்பாகும்.

கண்டனத்தின் பொருளை நோக்கின் இப்படம் பராசக்தியிலிருந்து வெகுதொலைவில் இல்லை. இறைவனுக்கும் அடியவர்க்கும் இடையில் நின்று ஆதாயம் தேடுவோரே இரண்டிலும் பழிக்கப்படுகின்றனர். ஆனால் 1952இல் பேசாதவள் எனக் கூறப்பட்ட அம்மன் 2020இல் தானே பேசுகிறாள். போலிச் சாமியாரைக் கண்டிக்க அம்மனைவிட உரிமையுடைய கூற்று வேறில்லை. ஒரு சமயத்தாரை மட்டும் குறிவைக்கின்றனர் எனச் சாமியார் கதைகள் குறித்துப் பொதுவாக எழும் குறைகூறல் இருப்பினும், பராசக்தி எதிர்கொண்டது போன்ற தடை முயற்சியை இப்படம் எதிர்கொள்ளவில்லை. இணையவழி வெளியீடானதால் திரையரங்கக் கூட்டமும் அதைச் சார்ந்த போராட்டமும் இல்லாமற்போனதை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். அதனை விலக்கிப் பார்த்தாலும், நம்பிக்கையை மறுக்காமல் நம்பிக்கையின் குரலாலேயே கண்டித்தமை இப்படத்தின் ஏற்புக்கு முதன்மைக் காரணமாகிறது.

இவ்வேற்புக்கு ஒரு விலையும் உண்டு. தெய்வமே வந்து தீர்த்துவைப்பதால், பராசக்தி எழுப்பிய கேள்வி இங்கு எழுவதில்லை. தெய்வம் வராத இடத்தில் ஒடுக்கப்பட்டோர் செய்யத்தக்கது யாது என்பதே அக்கேள்வி. பார்வையாளரைப் புண்படுத்தாத அங்கதம் அதனாலேயே ஆழமான அங்கதம் ஆகிவிடாது.

மெர்சல்: நடிகரை நோக்கித் திரும்பிய வினா

அட்லீ இயக்கத்தில் 2017ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த மெர்சலின் முதன்மைப் பொருள் மருத்துவ வணிகம். சரக்கு மற்றும் சேவை வரி பற்றி அதில் இடம்பெற்ற உரையாடலுக்கு அவ்வரியை நடைமுறைப்படுத்திய கட்சியின் மாநிலப் பிரிவு எதிர்ப்புத் தெரிவித்தது. கோயிலினும் மருத்துவமனை முதற்றேவை என்ற கருத்தும் சர்ச்சையில் சேர்ந்தது. உரையாடலில் உள்ள வரி விவரங்கள் சரியா என்ற விவாதத்தோடு, நடிகர் விசயின் கிறித்தவப் பெயரும் பொதுவெளியில் முன்னிறுத்தப்பட்டது.

கோயிலைவிடக் கல்விக்கூடமும் மருத்துவமனையும் மேலென்னும் கருத்து தமிழ்ச் சூழலுக்குப் புதியதன்று. அதைக் கதையில் கூறுபவன் வேட்டி கட்டிய ஊர்ப் பெரியவன். எனினும் எதிர்ப்பாளர் கதைமாந்தனின் முன்னத்தை விடுத்து நடிகரின் முன்னத்தைக் கேள்விக்குட்படுத்தினர். அரசியல் அங்கதத்துக்கு எழுந்த எதிர்வினை சமயப் புண்பாட்டின் மொழியைக் கடன்பெற்றதை இங்குக் காணலாம். படத்தின் சான்றிதழை நீக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017 அக்டோபரிலேயே தள்ளுபடி செய்தது.

புண்படுதல் என்னும் அளவுகோல்

ஒரே ஒரு கிராமத்திலே படம் தொடர்பான வழக்கில் 1989ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கு எண்ணத்தக்கது. அப்படம் சமயம் பற்றியதன்று, இடஒதுக்கீடு பற்றியது. ஒரு படத்தின் விளைவை மிகை உணர்ச்சியாளரின் பார்வையில் அளக்காமல், இயல்பான அறிவுடைய பொது மனிதரின் பார்வையில் அளக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. வன்முறை மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்றும் அது கூறியது.

மேற்கண்ட மூன்று படங்களும் இவ்வளவுகோலின் தேவையை உணர்த்துகின்றன. தடை கோருவோர் சமயப் பார்வையாளர் அனைவரின் சார்பாகவும் பேசுகின்றனர். திரையரங்கில் அமைதியாகப் படம் பார்த்துத் திரும்பும் வழிபாட்டினரின் குரல் மனுக்களில் பதிவாவதில்லை. அவர்களுடைய ஏற்பையும் சமய எதிர்வினையாகவே கணக்கிட வேண்டும்.

முடிவுரை

சமயப் பார்வையாளர் அங்கதத்தை வெறுப்பவர் அல்லர் என்பதைச் சுந்தரர் முதல் தருமி வரையிலான மரபு காட்டுகிறது. கூறுவோரின் உரிமை, பழிக்கப்படுவது தெய்வமா தெய்வத்தின் பெயரால் பிழைப்போரா என்னும் தெளிவு, கதைமுடிவு நம்பிக்கைக்குத் தரும் இடம் ஆகிய மூன்றும் அவர்களின் எதிர்வினையைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதலாவது, கதைக்கு வெளியே நடிகரின் பிறப்பையும் பெயரையும் தேடிச் செல்லும்போது பனுவல் வாசிப்பு என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. முன்னம் பொருளை விளக்கும் கருவி. பேசும் உரிமையைப் பறிக்கும் கருவியன்று. தணிக்கைக் குழுவினரும் திறனாய்வாளரும் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வது, புண்பட்டோர் என்ற பெயரில் ஒலிக்கும் குரல்களை வகைப்படுத்தி அறியத் துணைசெய்யும்.