பானையில் வெட்டிய பெயர்

உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கையோ சம்புடத்தையோ எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்பிலோ அடியிலோ பெயர் வெட்டியிருக்கும். பிறந்த வீட்டுச் சீர் என்றால் உங்கள் பெயர். மாமியார் காலத்துப் பாத்திரம் என்றால் அவருடைய பெயர். கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த அண்டா, ஆள் மாறிப் போகாமல் நம் வீட்டுக்கே திரும்பி வர அந்த நாலு எழுத்துத்தானே ஜாமீன்!

இந்த வழக்கம் எவர்சில்வரோடு வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கொங்கு நாட்டில் அது இருந்திருக்கிறது. அப்போது மண் பாத்திரம். அதில் கூரான ஆணியால் கீறிய பெயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்திலே 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. 1985 முதல் 1990 வரை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில பருவங்கள் இங்கே அகழ்ந்தார்கள். பிறகு 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். பானை ஓடுகள் கூடை கூடையாகக் கிடைத்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றில் தமிழ் பிராமி எழுத்து! கண்ணன் ஆதன், சம்பன், சுமணன், பன்னன் என்று எல்லாம் ஆட்களின் பெயர்கள். ராஜாக்கள் அல்ல, நம்மைப் போலத் தங்கள் சாமான் தொலையாமல் பார்த்துக்கொண்டவர்கள். சுமணன் என்பது வடக்கத்திப் பெயர். வியாபாரத்துக்கு வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே தெருவில் குடியிருந்திருப்பார்கள் போலிருக்கிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பது உங்களுக்குப் பெரிய கவலை. கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பழங்காசுகளும் பானைகளும் கற்சிற்பங்களும் அங்கே நமக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. நாமோ ஊட்டி பஸ்ஸுக்குத்தான் வரிசையில் நிற்கிறோம்!

போகிறவர்களும் எப்படிப் பார்க்கிறார்கள்? சென்னையில் ஒரு காலத்தில் எழும்பூர் மியூஸியத்துக்கு 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் பார்ப்பார்கள். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறினால் முடிந்தது. இதில் குழந்தைகளைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. "ஏனுங்கம்மா, இந்த ஓட்டாஞ்சில்லைப் பாக்கறதுக்கா இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?" என்று பையன் கேட்டால், அந்த ஓட்டாஞ்சில்லைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒரு வார்த்தையாவது இருக்க வேண்டாமா?

என் யோசனை இதுதான்: எல்லாவற்றையும் பார்க்கவே பார்க்காதீர்கள். நாலு பொருள் போதும்.

முதலில் ஒரு பானை. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் பழைய பானைகளைக் கொங்கு நாடெங்கும் எடுத்திருக்கிறார்கள். சாயம் பூசியதல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுத்துவிடும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும். குழந்தையிடம் காரணத்தைச் சொல்லாமல், "இது ஏன் இரண்டு நிறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வீடு திரும்பும்வரை அதற்கு வேலை கிடைத்துவிடும்.

அடுத்தது மணி. கொடுமணலின் புகழே மணிகளால்தான். ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவழ மணிகள் கிடைத்தனவாம். அம்மாடி! கல்லைச் சிறு துண்டாகத் தட்டி, தேய்த்து, மெருகேற்றி, பிறகு நடுவே துளையிட வேண்டும். துளையிடும்போது பிளந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். அப்படி வீணாய்ப் போன மணிகளும் பாதி வேலையில் நின்ற மணிகளும் அங்கே கிடைத்திருப்பதால்தான், அவை வெளியூரிலிருந்து வாங்கியவை அல்ல, அந்த ஊரிலேயே செய்தவை என்று தெரிந்துகொண்டார்கள். சிவப்பு மணிமேல் வெள்ளைக் கோடு போட்ட வகை ஒன்றும் உண்டு. காரக் கலவையால் கோடு எழுதிச் சூடு காட்டினால் வெள்ளை கல்லிலேயே ஊறி நின்றுவிடும். செம்மண் பூசிய வாசலில் மாக்கோலம் போட்டது மாதிரி இருக்கும்!

காங்கயத்துக்கு அருகே படியூரில் பெரில் என்ற பச்சைக் கல் கிடைத்தது. கடல்நீர் நிறமுள்ள பெரில்தான் உசத்தி என்றும், அது இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அபூர்வம் என்றும் ரோமாபுரிப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊர்ச் சீமாட்டிகளின் கழுத்தில் நம் காங்கயத்துக் கல் ஆடியிருக்கும்! பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்கும் கரூருக்கும் வண்டிகள் போய் வந்த பாதை நம் கோவைப் பக்கந்தானே.

அதற்கு வந்த விலைதான் மூன்றாவது பொருள், ரோமாபுரிக் காசு. 1842ஆம் ஆண்டு கோவையை அடுத்த வெள்ளலூரில் ஒரு பானை நிறைய 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் காசுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைப் பவுன் எடை. டைபீரியஸ் காசைத் திருப்பினால், செங்கோல் பிடித்து அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணி தெரிவாள். மன்னனின் தாய் லிவியா என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் நாட்டில் கிடைத்த ரோமக் காசுகள் சிலவற்றில் துளையிட்டிருக்கிறார்கள். எதற்காக? கழுத்தில் கோத்துக்கொள்ளத்தான். காசுமாலை மோகம் நேற்று வந்ததா என்ன!

நாலாவது, கொஞ்சம் மனத்தைக் கனக்கச் செய்யும் பொருள். புலியோடு போராடி மாண்டவனுக்கு நட்ட 'புலிகுத்திக் கல்' கொங்கு நாட்டில் பல இடங்களில் உண்டு. ஈட்டியும் புலியும் இருப்பதால் பையன்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நடுகற்கள் சிலவற்றில் வீரனுக்குப் பக்கத்தில், வளையணிந்த கையை உயர்த்தியபடி ஒரு பெண் நிற்பாள். அவள் கணவனுடன் தீயில் இறங்கியவள். 1829இல் வங்காளத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டுத்தான் அந்தக் கொடுமையைத் தடுத்தார்கள். இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதா என்று தயங்குவீர்கள். பத்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். அவளே கேட்பாள், "அந்த அம்மா பேரு என்னங்க?" என்று. கல்லில் வீரனுடைய பெயர் இருந்தாலும் இருக்கும். அவள் பெயர் பெரும்பாலும் இராது.

கோவை வாசிகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கொடுமணலில் சுடுமண் தக்களிச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. நூல் நூற்ற கைகள் அங்கே இருந்திருக்கின்றன. 1888இல் ஸ்டேன்ஸ் துரை மில் தொடங்கியபோதுதான் நமக்குப் பஞ்சு வாசனை தெரியவந்தது என்று நினைப்பவர்கள், அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் அறநிலையத்தாரின் ஓவியக்கூடத்தையும் ஜவுளி அருங்காட்சியகத்தையும் ஒரு நடை பார்த்துவரட்டும். வந்தபின் ஒரு தக்களியும் கொஞ்சம் பஞ்சும் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளை நூற்கச் சொல்லுங்கள். ஒரு முழம் அறாமல் வந்துவிட்டால் தலையில் குட்டிய பாவம் எல்லாம் தீர ஒரு மைசூர்பாகு கொடுக்கலாம்!

கொடுமணல் பொருள்கள் பலவற்றைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்தான் பார்க்கவேண்டும். அவையாவது பத்திரமாக இருக்கின்றன. நிலத்தை உழும்போது அகப்பட்டுப் பங்கு போட்டு உருக்கிய காசுகளுக்குக் கணக்கே இல்லை. உருக்கினால் வெள்ளி கிடைக்கும். எந்த ஊர், எந்தப் பானை, கூட என்ன இருந்தது என்ற சங்கதி அதோடு போயிற்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வயற்காட்டுக்கு ஏன் போகவேண்டும், பரணில் ஏறிப் பாருங்கள். கொங்கு வரலாற்றுக்காகவே வாழ்ந்த ஈரோட்டுப் புலவர் செ. இராசு, செப்பேடுகளையும் ஏடுகளையும் தேடி எத்தனையோ வீட்டுப் படி ஏறினார். உங்கள் அம்மாயி வைத்திருந்த வள்ளப்படி, பித்தளைச் செம்பு, கணக்கு ஏடு எல்லாம் பரணில்தான் தூங்குகின்றன. தெருவில் "பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம்!" என்று குரல் கேட்டவுடன் கை பரபரக்கும். போடுவதற்கு முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். யார் பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் பெயர், ஊர், எந்தக் கல்யாணத்துச் சீர் என்று எழுதி உள்ளே போட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை உங்களுக்கும் வீடு மெழுகி விளக்குத் துலக்கவே பொழுது சரியாயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பெரியவரையும் அழைத்துப் போங்கள். நாலு பொருளில் இரண்டையாவது, "இதை நானே உபயோகித்திருக்கிறேன்" என்பார்.