உண்மைப் பிரதியும் ஒத்த பிரதியும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, காணிக் கச்சேரிக்குப் போக, நிவாரண அட்டை பதிய, வவுனியாப் பக்கம் போகப் பாஸ் எடுக்க என்று எதற்கும் ஒட்டுசுட்டானில் அன்று முதலில் கேட்டது ‘உண்மைப் பிரதி’ என்று சீல் குத்திய ஒரு தாளைத்தான். சீல் சமாதான நீதவானிடம் இருக்கும். அவர் வீட்டு விறாந்தையில் மூலத்தையும் பிரதியையும் அருகருகே விரித்து, ஒன்றில் விரலையும் மற்றதில் பேனை முனையையும் வைத்துக்கொண்டு வரிவரியாக இறங்குவார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, பதிவிலக்கம். பிரதி மங்கியிருக்கலாம், சரிந்திருக்கலாம், ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கலாம். அதற்கெல்லாம் அவர் முகம் சுளிக்கமாட்டார். இலக்கத்தில் 3 இருக்கவேண்டிய இடத்தில் 8 போல ஏதும் தெரிந்தால் மட்டும் தாள் திரும்பி வந்துவிடும்.

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒரு சந்தி, தான்தோன்றீஸ்வரர் கோயில், ஓட்டுத் தொழிற்சாலை, கொஞ்சம் தள்ளி முத்தையன்கட்டுக் குளமும் அதன் வாய்க்கால் வயல்களும். இந்த ஊரில் அன்று ஒரு தாளுக்குப் பிரதி எடுப்பது பெரும்பாடு. ரைப்ரைட்டரில் இரண்டு கார்பன் வைத்து அடித்தால் மூன்றாவது தாளில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலக் கிடக்கும். 1990க்குப் பிறகு போரால் மின்சாரமும் போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் ஏறின. போட்டோக்கொப்பி மெசின் இருந்தாலும் ஜெனரேற்றருக்கு எண்ணெய் வேண்டுமே! ஆகவே கையெழுத்துத்தான். ரியூசன் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், கோவலன் கூத்துக் கொப்பி எல்லாம் ஒருவர் வைத்திருந்ததைப் பார்த்து இன்னொருவர் குப்பி விளக்கில் எழுதியவை. அப்படி எழுதிய நாலு கொப்பியை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வரி விடுபட்டிருக்கும். ஆனாலும் நாலும் ஒரே நோட்ஸ்தான் என்பதில் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

2008 கடைசியில் ஊர் இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரி முதல் வாரத்தில் ஒட்டுசுட்டான் இராணுவத்தின் கைக்குப் போனது. காணிப் பெர்மிட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு நடந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பொலித்தீன் பையும் மிஞ்சவில்லை. மீள்குடியேறி வந்தபோது பலருக்குக் கைகொடுத்தது, முன்னொரு நாள் கனடாவிலோ சுவிசிலோ உள்ள உறவினருக்கு அனுப்பிவைத்த போட்டோக்கொப்பி. அதை அங்கே ஸ்கான் செய்து அனுப்புவார்கள்; இங்கே அச்செடுத்துச் சீல் வாங்குவார்கள்; சீல் வாங்கியதைத் திரும்ப ஸ்கான் செய்வார்கள்; அவசரத்துக்கு போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவார்கள். ஒரே பெர்மிட் ஐந்தாறு கோப்பாகப் பெருகிவிடும். இல்லாமையால் பட்ட பாடு தீர்ந்தது; இன்றைய தொல்லை பெருக்கத்தால் வந்தது.

சந்தியிலுள்ள எந்தக் கொமினிகேசன் கடையில் போய் நின்றாலும் இந்த மாதிரிப் பேச்சுக் காதில் விழும்.

“தம்பி, போன மாசம் கிணத்துக்கு ஒரு கடிதம் அடிச்சனான். திகதியை மட்டும் மாத்தித் தாங்கோ.”

“எந்தப் பேரிலை சேவ் பண்ணினது அண்ணை?”

“அது எனக்கென்ன தெரியும், நீங்கள்தானே அடிச்சது.”

திரையில் ‘கடிதம்’, ‘கடிதம் புதியது’, ‘கடிதம் கடைசி’, ‘கடிதம் கடைசி 2’ என்று வரிசை நீளும். ஆசிரியர்களின் பென்டிரைவில் வினாத்தாள் பீடிஎஃப்களும் இதே கோலம்தான்.

இரண்டு கோப்பும் ஒன்றா என்று கணினியிடம் கேட்க நெடுநாளாக ஒரு வழி உண்டு. கோப்பை ஹாஷ் என்னும் கணக்கில் போட்டால் ஒரு குறித்த நீளத்துக்கு எழுத்துச் சரமொன்று வரும். 1992இல் வெளியான எம்டி5இல் 32 எழுத்து, இன்று பரவலாக உள்ள எஸ்எச்ஏ-256இல் 64. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த 64 இடங்களில் ஏறக்குறைய 60 மாறிப்போகும். திருட்டுத்தனமான மாற்றத்தைப் பிடிப்பதற்காக அப்படியே திட்டமிட்டுச் செய்தது அது. வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பிய பீடிஎஃப் பத்துப் பேர் கைமாறினாலும் ஒரு பைட்கூட மாறாது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று ஏறுவது மட்டுமே வித்தியாசம். அத்தகைய இரட்டைகளை எஸ்எச்ஏ ஒரு நொடியில் பிடித்துத் தரும். திகதி மட்டும் மாற்றிய கிணற்றுக் கடிதத்தையோ, முற்றிலும் வேறு ஆளின் கடிதத்தைப் பார்க்கும் அதே கண்ணால்தான் பார்க்கும். ‘கிட்டத்தட்ட’ என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் ‘கிட்டத்தட்ட’வைச் சொல்ல வந்ததுதான் ஃபஸி ஹாஷ். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், சாம்பா மென்பொருளால் பெயர் பெற்றவர், 2002 வாக்கில் ‘ஸ்பாம்சம்’ என்றொன்றை எழுதினார். ஒரே குப்பை மின்னஞ்சல் ஓரிரு சொல் மாறித் திரும்பத் திரும்ப வரும்போது இனங்காண்பதற்கு. அதை எடுத்து, கணினித் தடயவியலுக்கு ஏற்றபடி ஜெஸி கோர்ன்புளூம் 2006இல் வெளியிட்டது எஸ்எஸ்டீப். இன்று உலகத்தில் அதற்குப் பெரிய வேலை, உருமாறி வரும் வைரஸ் கோப்புகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்ப்பது. நமக்கு வேண்டியது கிணற்றுக் கடிதம்.

உள்ளே நடப்பதைப் பார்க்க ஊரிலிருந்தே ஓர் உதாரணம். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் நாட்டிய கல் பற்றி நம்மவர்கள் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். பாடசாலை மலர், ஒப்படை, விழாப் பேச்சு என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துச் சிறிது மாற்றுவார். கப்டனின் பெயரே டிறிபேர்க், டிரிபேர்க், ட்றிபேக் என்று ஆளுக்கொரு விதம். அப்படி ஒரு கட்டுரை, வெறும் எழுத்துக் கோப்பாக 20,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். ‘வன்னி’ என்ற சிறு சொல்லே 15 பைட்.

எஸ்எஸ்டீப் கோப்பின் தொடக்கத்திலிருந்து 7 பைட் அகலமான ஒரு சாளரத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும். சாளரத்துக்குள் உள்ளதைக் கணக்கிட்டு, விடை ஒரு குறித்த எண்ணாக வரும் இடத்தில் ஒரு வெட்டுப் போடும். 20,000 பைட் கோப்புக்கு வெட்டுகள் சராசரியாக 384 பைட்டுக்கு ஒன்றாக விழும்படி அது தானே அளவு வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 52 துண்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்துகளின் வரிசைதான் கோப்பின் கையொப்பம். சூட்சுமம் முழுவதும் வெட்டில் இருக்கிறது. 384 பைட்டுக்கு ஒருமுறை அளந்து வெட்டியிருந்தால் முதல் பத்தியில் ஒரு சொல் கூடியதும் பின்னுள்ள அத்தனை துண்டும் இடம்பெயர்ந்துவிடும். இங்கே வெட்டு விழும் இடத்தை அந்த இடத்து எழுத்துகளே தீர்மானிக்கின்றன. ஒரு வயலுக்குள் மண் கூடினாலும் குறைந்தாலும் அடுத்த வயல்களின் வரம்பு அசையாது, அல்லவா? டிறிபேர்க்கை ட்றிபேக் ஆக்கினால் அந்தப் பெயர் கிடக்கும் துண்டின் எழுத்து மாறும், அபூர்வமாகப் பக்கத்துத் துண்டும் மாறும். மற்றவை அப்படியே நிற்கும். இரண்டு கையொப்பங்களையும் ஒட்டிப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும். இதைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்வது பலரும் விடும் பிழை. 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சொல் ஒன்று என்று பொருளல்ல. 100 வந்தாலும் பைட்டுக்குப் பைட் அதே கோப்பென்று உத்தரவாதமில்லை.

குறையும் உண்டு. கோப்புகளின் அளவு பெரிதும் வேறுபட்டால் துண்டின் அளவும் வேறாகிவிடும், ஒப்பிடவே முடியாது. இரண்டு பக்கக் கட்டுரையை ஒருவர் நூறு பக்க மலருக்குள் செருகியிருந்தால் எஸ்எஸ்டீப்புக்குத் தெரியாது. ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஜோனதன் ஒலிவர் முதலானோர் 2013இல் வெளியிட்ட டிஎல்எஸ்எச் வேறு வழியில் போகிறது. 5 பைட் சாளரத்துக்குள் எந்தெந்த மும்மூன்று பைட் சேர்க்கைகள் எவ்வளவு வருகின்றன என்று எண்ணி, அந்தப் பரம்பலையே கையொப்பமாக்குகிறது. அது சொல்வது ஒற்றுமையை அல்ல, தூரத்தை: 0 என்றால் மிக நெருக்கம், எண் ஏற ஏற விலகல். எஸ்எஸ்டீப்பில் 0 என்றால் ஒட்டுறவே இல்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு இறங்குவரிசையில் அடுக்கினால் கதை தலைகீழாகிவிடும்.

இவற்றில் எந்த மென்பொருளைத் தெரிந்தெடுப்பது என்று மண்டையை உடைப்பவர்களுக்கு நான் சொல்வது, நம்மூர்க் கோப்புகளில் அது இரண்டாம்பட்சம். முதலில் கோப்பைக் கழுவி எடுக்கவேண்டும்.

இலங்கையில் இருபது முப்பது வருடமாக அடித்த தமிழில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினியில் ‘வ’ என்று திரையில் தெரிவது உள்ளே ஆங்கில ‘t’ எழுத்து. அரைப்புள்ளி நிற்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி தெரியும். ‘வன்னி’க்கு அங்கே 5 பைட் போதும். யூனிகோட்டில் 15. கண்ணுக்கு அச்சொட்டாக ஒன்றாயிருக்கும் இரு கடிதங்களுக்குள், தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, பொதுவான ஒரு பைட் வரிசைகூட இராது. எஸ்எஸ்டீப் 0 போடும், அதன்மீது பிழையில்லை. 2008இல் தமிழ்க் குறியீட்டுக்கு எஸ்எல்எஸ் 1326 என்று நாட்டின் நியமமே வந்துவிட்டது. கொமினிகேசன் விசைப்பலகைகளில் பாமினியின் ஆட்சி அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஓயவில்லை.

யூனிகோட்டுக்குள்ளேயே இன்னொரு பொறி. ‘கொ’வை ககரத்தோடு ஒற்றைக் கொம்புக்காலாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடில்லை, பைட் வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு வரிக் கட்டளை. கோயில் நோட்டீசில் வரும் ‘ஸ்ரீ’ அதற்கும் அடங்காது. அதை ஸகரத்தில் எழுதியவரும் உண்டு, ஶகரத்தில் எழுதியவரும் உண்டு, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். அதைக் கையால்தான் ஒருமைப்படுத்தவேண்டும்.

பிறகு வேர்ட் கோப்பு. டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம். எழுத்து உள்ளே அமுக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு திகதி மாறினால் அமுக்கும் கணக்கு மாறி, பின்னால் வரும் பைட்டெல்லாம் கலைந்துபோகும். டாக்எக்ஸை அப்படியே எஸ்எஸ்டீப்பில் கொடுத்துவிட்டு ‘இது உதவாது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கியிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்து, வெறும் எழுத்தை எடுத்து, பாமினியை யூனிகோட்டாக்கி, என்எஃப்சிக்குக் கொண்டுவந்து, பின்னர் கையொப்பம் எடுத்தால் கிணற்றுக் கடிதம் தன் தம்பிமாரோடு வந்து நிற்கும்.

ஸ்கான் செய்த பெர்மிட்டுக்கு இவை ஒன்றும் பலிக்காது. ஒரே தாளை ஒரே ஸ்கானரில் இரண்டுதரம் வைத்தாலும் பைட் முழுக்க வேறு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைத் திரும்பவும் சுருக்கிவிடும். அங்கே தேவைப்படுவது படத்தின் தோற்றத்தை ஹாஷ் ஆக்கும் முறை. டிஹாஷ் என்பது படத்தை 9க்கு 8 புள்ளியாகச் சிறுப்பித்து, பக்கத்துப் புள்ளிகளில் எது வெளிச்சம் கூடியது என்று 64 விடை எழுதிக்கொள்ளும். நிழற்படங்களுக்கு அருமையான வழி. அச்சிட்ட படிவங்களில் அது ஏமாறும்: அவ்வளவு சிறுப்பித்த பிறகு ஒரு பெர்மிட்டும் இன்னொரு பெர்மிட்டும் ஒரே சாம்பல் கட்டம்தான். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து ஒவ்வொன்றுக்கும் நூலக எண் இட்டு வைக்கிறது. ஒரே இதழ் இரு வீட்டிலிருந்து வந்து இருதரம் ஸ்கானாகும் வாய்ப்பு எந்தச் சேகரிப்பிலும் உண்டு. அதைப் பிடிக்கத் தலைப்பும் திகதியும் இதழ் எண்ணும் எழுதிய ஒழுங்கான பட்டியலை மிஞ்சிய ஹாஷ் ஒன்றை நான் காணவில்லை.

இனி, கழுவி எடுத்த எழுத்துக் கோப்புகளில் வரும் சிக்கல். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்த இரண்டு பேரின் கடிதங்களை எடுங்கள். கடைக்காரத் தம்பி ஒரே மாதிரிக் கடிதத்தில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் காணித் துண்டு இலக்கத்தையும் மட்டும் மாற்றியிருப்பார். மதிப்பெண் உயர்வாகவே வரும். நியாயமும் அதுதான், பைட்டுகள் அவ்வளவு நெருக்கம். ஆனால் மாறியிருக்கும் அந்த ஏழெட்டு இலக்கத்தில்தான் ஒரு குடும்பத்தின் வீடு இருக்கிறது. சமாதான நீதவான் மங்கலையும் சரிவையும் விட்டுவிட்டு 3ஐயும் 8ஐயும் பிடித்துக்கொண்டார். ஃபஸி ஹாஷுக்கு 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசமும், ‘ஐயா’ என்பதை ‘ஐயா அவர்களுக்கு’ என்று நீட்டியதும் ஒரே எடை.

ஆகவே கடையிலோ பாடசாலையிலோ அலுவலகத்திலோ இதைச் செய்ய முனைபவர் முதலில் எஸ்எச்ஏ ஓட்டி அச்சொட்டான இரட்டைகளை ஒதுக்கட்டும். அதுவே குவியலைக் கணிசமாகக் குறைத்துவிடும், குறைக்கவும் வேண்டும்: 10,000 கோப்பை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 4,99,95,000 சோடி. பிறகு எழுத்தைப் பிரித்தெடுத்துக் கையொப்பம் எடுத்து, மதிப்பெண் கூடிய சோடிகளை மேலே வைத்துப் பட்டியலிடட்டும். வினாத்தாள் போல்டரில் அந்தப் பட்டியலை வைத்துத் துணிந்து அழிக்கலாம். தவறி ஒன்று போனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காணி, வீடு, பிறப்பு, இறப்பு சம்பந்தப்பட்ட போல்டரில் பட்டியலைப் பார்க்கலாம், ஒத்தவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம், அழிக்கக்கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் மலிவு.