உபவாசமா, நோயா?



உங்கள் மகள் உணவுத் தட்டை விலக்கி, "அம்மா, இன்று நான் உபவாசம்" என்று சொன்னால் உங்கள் உள்ளம் மகிழும். ஆனால் அது வாரக்கணக்கில் நீண்டு, உடல் மெலிந்து, மாதவிடாயும் நின்றுவிட்டால், அதைப் பக்தி வைராக்கியம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அது சிகிச்சை தேவைப்படும் ஒரு நோயாக இருக்கலாம்.

நோயை அறிந்துகொள்ளுங்கள்

உணவை வெறுத்து உடலை வாட்டும் நோய்க்கு அனொரெக்சியா என்று பெயர். அளவுக்கு மீறி உண்டுவிட்டு, பின் வலிய வாந்தி எடுப்பது புலிமியா. 1979-ல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும். மனநோய்களில் மரண அபாயம் மிகுந்தவற்றுள் அனொரெக்சியாவும் ஒன்று. ஆண்பிள்ளைகளையும் இது தாக்கும். நம் நாட்டில் பலர் பருமனைப் பற்றிய பயத்தை வெளியே சொல்வதில்லை. "பசியில்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது" என்றே சொல்லுகிறார்கள்.

இதனால் அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும் நோய் மறைந்துகொள்கிறது. வயிற்றுக்கு ஒரு பிரிவு, மாதவிடாய்க்கு வேறொரு பிரிவு என்று அலைந்து, மனநலப் பிரிவை எட்டுமுன் மாதங்கள் கடந்துவிடுகின்றன. பொது மருத்துவர், மனநல மருத்துவர், உணவியல் நிபுணர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் ஏற்பாடு மாவட்ட மருத்துவமனைகளில் தேவை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பதும் உயிருக்கு ஆபத்து; மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரையும் சேர்த்து அளிக்கும் குடும்பச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

நமக்குள்ள உரிமை

1996-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று கூறுகிறது. ஆகையால் உங்கள் மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லத் தயங்காதீர்கள். பிழைப்புக்காக வந்த மாநகரில் மொழி தெரியாமல் தவிக்கிறீர்களா? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சபை ஊழியர்களுக்கும் ஓர் அன்பான வேண்டுகோள். மெலிந்துபோகும் வாலிபப் பிள்ளையை, "எவ்வளவு உபவாசிக்கிறாள்!" என்று எல்லாருக்கும் முன்பாகப் பாராட்டாதீர்கள். தனியே அழைத்து அன்போடு விசாரியுங்கள். ஜெபத்தோடு, மருத்துவரிடமும் உடன் செல்லுங்கள்.

யவீருவின் 12 வயது மகளை உயிரோடெழுப்பிய நம் ஆண்டவர், அடுத்ததாகச் சொன்னது என்ன? அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி அல்லவா கட்டளையிட்டார்! அற்புதம் செய்தவரே அவளுடைய ஆகாரத்தையும் நினைத்தார். அப்படியானால், நம் வீட்டுப் பிள்ளையின் தட்டு தினமும் தொடப்படாமல் திரும்பி வருவதைக் கண்டும் நாம் காணாதவர்களாய் இருக்கலாமா? இன்றே அவளோடு அமர்ந்து பேசுங்கள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளுக்குப் பூரண சுகத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.