ஸ்டாக்ஹோம் ஜன்னல், பாலக்காட்டு வெயில்

(காட்சி: வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரச்சாமான்கள், திரையே இல்லாத பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனி.)

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் எடுத்த இப்படிப்பட்ட படங்களைக் கைப்பேசியில் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்று ஆசாரியிடம் கேட்பவர்கள் இன்று பாலக்காட்டிலும் இருக்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. குறைவான சாமான்கள், சுத்தமான வெளிச்சம், மரத்தை மரமாகவே காட்டும் நேர்த்தி எல்லாம் எந்த ஊருக்கும் அழகுதான். ஆனால் படத்தில் இருக்கும் அந்த வீடு எந்த வெயிலுக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும்.

திரையில்: வெயிலின் கோணம்

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 21 அன்று பகல் என்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 7 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் அறைக்குள் இழுத்துக்கொள்ளத்தான் அங்கே அகலமான கண்ணாடி. உள்ளே வந்த வெளிச்சத்தைக் கடைசி மூலைவரை கொண்டுசேர்க்க வெள்ளைச் சுவர். சூட்டைப் பிடித்துவைக்கக் கம்பளி விரிப்பு.

பாலக்காட்டில் அதே நாளில் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நேராக உச்சந்தலைக்கு மேலேயே வந்துவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. இங்கே ஸ்வீடன் ஜன்னலை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடி வழியாக நுழையும் வெயில் தரையையும் சோபாவையும் சூடாக்கும். சூடான அந்தப் பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடாது. உள்பக்கம் கனமான திரை போட்டாலும் பயன் குறைவு. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதானே திரையைத் தொடுகிறது! மறைப்பு எப்போதும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

தெற்கு ஜன்னலுக்கு வழி சுலபம். இரண்டடி நீட்டிய ஒரு சன்ஷேடு, டிசம்பர் உச்சி வெயிலில்கூட நாலடி ஜன்னலில் மூன்றடிவரை நிழல் தரும். மேற்கு ஜன்னல்தான் பாடாய்ப் படுத்தும். மாலை வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். அதற்கு மூங்கில் தட்டியோ மரச் சட்டங்களோ செங்குத்தாக வேண்டும்.

இப்படி வெளியே நிழலைக் கெட்டியாக்கினால் உள்ளே வெளிச்சம் குறையும். அந்த இடத்தில்தான் நார்டிக் வெள்ளைச் சுவர் கைகொடுக்கிறது. பாலக்காட்டில் அதன் வேலை, தடுத்தது போக மிஞ்சிய மென்மையான வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்புவது. ஆனால் பளபளக்கும் வெள்ளை பெயின்ட் இந்த வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். சற்றே மஞ்சள் கலந்த, பளபளப்பில்லாத வெள்ளை நல்லது.

திரையில்: காற்றின் வழி

(காட்சி: கல்பாத்தி அக்ரஹாரத் தெரு. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள்.)

வெயிலுக்கு அடுத்து காற்று. ஃபிளாட்டில் குடியிருப்பவர்களின் பெரிய சிக்கல், இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் இருப்பது. காற்றுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் வழி. இதே சிக்கலைப் பாலக்காட்டின் கல்பாத்தியில் குடியேறிய தமிழர்கள் பல தலைமுறைக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்ட இந்த அக்ரஹாரத்தில் வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். வாசலில் நுழைந்த காற்று எதிலும் முட்டாமல் கொல்லைப்புறம் போய்விடும். பக்கச் சுவரில் வெயிலே படாது.

ஹாலையும் சாப்பாட்டறையையும் தடுப்பில்லாமல் இணைக்கும் நார்டிக் அமைப்பு இந்த நேர்கோட்டுக்கு நெருக்கமானது. அதனால் பால்கனிக்கும் பின்பக்கச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே நிற்கும் உயரமான ஷோகேசையும் தடுப்பையும் எடுத்துவிடுவது நல்ல தொடக்கம். எந்தச் சுவரை இடிக்கலாம் என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தூணிலும் பீமிலும் யாரும் கை வைக்கக்கூடாது. கடுகு தாளிக்கிற சமையலறைக்கு நல்ல எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம்.

பாலக்காட்டுக்கு இயற்கையே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் அது. அங்கே வீசும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. இப்படிக் காற்றடிக்கும் ஊரில் பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து ஹாலைப் பெரிதாக்குபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அடைத்த பால்கனி காற்றை நிறுத்தி, வெப்பத்தைத் தேக்கிவிடும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதி, காற்றுக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதை எண்ணாகவே சொல்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதியில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். குளிர்ப் பகுதிக்கு அதில் பாதியான 8.33 சதவீதமே போதும். 120 சதுர அடி அறைக்குக் கணக்குப் போட்டால் 20 சதுர அடி திறக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். கீல் வைத்த ஜன்னலை அந்த விதி 90 சதவீதத் திறப்பாகக் கணக்கிடுகிறது. ஜன்னலின் அளவை மாற்றாமல் கதவை மட்டும் மாற்றினாலே காற்று நுழையும் திறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதுதான் இதன் பொருள்.

திரையில்: மரம்

(காட்சி: ஒரு ரப்பர் மரப் பலகை, அருகில் இருந்து.)

பீச், ஆஷ், பைன் போன்ற வெளிர் மரங்கள்தான் நார்டிக் அறைகளின் முகம். கேரளத்தில் அந்த நிறத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மரம் இருக்கிறது: ரப்பர். பால் வற்றி, 25, 30 வயதில் வெட்டப்படும் மரம், இழைத்தால் பாலேடு நிறத்தில் மின்னும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாள்களுக்குள் போரான் மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் நீலப் பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும். பலகையைத் தட்டும்போது நைசான மாவு போலத் தூள் உதிர்ந்தால் அதை வாங்கவே கூடாது.

விலை மலிவான பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் ஒரு பருவமழைக்குள் ஓரங்களில் உப்பிவிடும். சமையலறைக்கும் குளியலறை ஓரத்துக்கும் 'ஐஎஸ் 710' முத்திரை உள்ள பிளைவுட்தான் சரி. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. முத்திரை பலகையிலேயே இருக்கும். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது.

மெல்லிய கால்களில் நிற்கும் நார்டிக் சோபாவும் அலமாரியும் இந்த ஊருக்கு ரொம்பவே பொருத்தம். அடியில் காற்று ஓடும், தரையைத் துடைக்கலாம், கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும். ஒரே ஒரு இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். காலின் அடி நுனிக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. தினமும் தரை துடைக்கும் ஈரத்தை அந்த நுனி உறிஞ்சி, கறுத்து, வெடிக்கும். பாலிஷ் அடித்து ரப்பர் புஷ் மாட்டினால் தீர்ந்தது.

டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலி ஒன்றின் இருக்கை காகிதக் கயிற்றால் பின்னியது. இங்கே அந்த இடத்தைப் பிரம்புப் பின்னல் எடுத்துக்கொள்ளும், உட்கார்ந்தால் வியர்க்காது. கம்பளி விரிப்புக்குப் பதில் திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலத்துக் கோரைப்பாய் அல்லது பத்தமடைப் பாய். இரண்டுமே வெளிர் நிறம், இரண்டுமே குளிர்ச்சி.

திரையில்: மலைக்குப் போனால்

இடுக்கியில் கணக்கு மாறுகிறது. மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கி, தேயிலைத் தோட்டங்களில் உறைபனி படியும். இங்கே தெற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் உண்மையிலேயே சுகம் தரும். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே ஜன்னல் சந்துகளை ரப்பர் பட்டை வைத்து அடைப்பதுதான் முதல் செலவு. மலையின் உண்மையான எதிரி ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகில் பூஞ்சை பூக்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாலே பாதி தப்பிக்கலாம். கம்பளி விரிப்பை மழைக்கு முன் மடித்து வைத்துவிட வேண்டும்.

இந்த மலைகளில் இருந்த ஒருவரிடமும் பாடம் உண்டு. பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1963இல் மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் வாகமண்ணில் குடியேறினார். பிறகு திருவனந்தபுரம் போய், செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே காற்றறை விடும் சுவர்களையும், ஓட்டை ஓட்டையாக அடுக்கிய ஜாலிச் சுவர்களையும் கேரளத்தில் பரப்பினார். காற்றறை விட்ட சுவர் செங்கல்லை மிச்சப்படுத்தும், வெப்பத்தையும் தடுக்கும். பூச்சுக்கும் அலங்காரத்துக்கும் செலவழிக்காமல் பொருளின் அழகையே காட்டிய பேக்கரின் எளிமை, நார்டிக் எளிமையின் பக்கத்து வீடு. ஃபிளாட் பால்கனிக்கு அவருடைய ஜாலியை மரச் சட்டத்திலோ மூங்கிலிலோ செய்யலாம். செங்கல் அல்லது டெரகோட்டா என்றால் எடை கூடும். பொறியாளரிடம் கேட்காமல் தொங்கும் பால்கனியில் ஏற்றக்கூடாது.

திரையில்: செலவின் வரிசை

பணம் குறைவாக இருந்தால் வெளி நிழலுக்கு முதலிடம், ஜன்னல் கதவுக்கு இரண்டாமிடம், பெயின்ட், மரச்சாமான் அதற்குப் பிறகு. மேல்மாடி ஃபிளாட் என்றால் இவற்றுக்கெல்லாம் முன்பு மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. மொட்டைமாடியும் கட்டடத்தின் வெளிமுகமும் எல்லோருக்கும் பொது என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும். சுவரில் ஈரம் வற்றியிருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் பெயின்ட் வேலைக்கு உகந்த மாதங்கள். மேற்குச் சுவரில் மாலை வெயில் எதுவரை ஏறுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, தட்டியின் அளவு எடுக்கவும் அதே மாதங்கள்தான் தோது.