கீசருக்குள் கரையும் கம்பி

குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கினால், புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். 15 லிட்டர் கீசர் இன்று ஏறக்குறைய ரூ. 6,000 முதல் 12,000 வரை விற்கிறது. அந்தப் பணத்தை எடுக்கும் முன், தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் 200 மில்லி பெருகும். மூடிய டேங்குக்குள் அதற்கு இடமில்லை. பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வு, கூடுதல் தண்ணீரை வெளியே விடுகிறது. சூடேறும்போது மட்டும் அங்கே சொட்டினால் பழுது எதுவும் இல்லை. சிலர் அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். அது பேராபத்து. தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒருசேரக் கெட்டால், டேங்க் வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான்.

தண்ணீர் சூடாகவில்லை, அல்லது வெகுநேரம் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் எலிமென்ட்தான் காரணம். 2 கிலோவாட் எலிமென்ட், 15 லிட்டரைச் சூடாக்க 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கார்பனேட்டாக மாறி எலிமென்டின் மேல் வெள்ளையாகப் படிகிறது. படிவு தடித்ததும் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி, எலிமென்ட் வெடிக்கிறது. சில நூறு ரூபாயில் வேறு மாற்றலாம், தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான்.

கீசர் முழுவதையும் மாற்ற வைக்கும் பழுது உள் டேங்க் ஓட்டையாவதுதான். அதை ஒட்டவைத்துப் பயனில்லை. பல கீசர்களில் இந்த டேங்க் சாதாரண எஃகால் ஆனது. உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் ஊசிமுனை அளவு துளைகள் எங்காவது தங்கிவிடும். துரு அங்கேதான் தொடங்குகிறது. அதைத் தடுக்கவே டேங்குக்குள் ஒரு மெக்னீசியக் கம்பியை வைக்கிறார்கள். ஆனோட் ராடு என்று கேட்டால் மெக்கானிக்குக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு கப்பலிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் பதித்த செப்புத் தகட்டைக் கடல்நீர் அரித்து வந்தது. 1824-ல் ஹம்ப்ரி டேவி, செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை இணைத்தால், அந்தத் துண்டு அரிபட்டுச் செம்பு தப்பிக்கும் என்று காட்டினார். செம்பு தப்பியது; ஆனால் அது கடல்நீரில் கரைந்தால்தான் கப்பலடியில் சிப்பிகள் ஒட்டாது. கரைவது நின்றதும் அவை மண்டி வளர, கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. கீசருக்குள் அந்தத் தொல்லை இல்லை. எஃகைவிட மெக்னீசியம் எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். அது கரையக் கரைய, எஃகு துருப்பிடிக்காமல் நிற்கிறது.

கம்பி தீர்ந்த பிறகு டேங்குக்குக் காவல் இல்லை. அதன் விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனாலும் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விற்பவர்களும் எடுத்துச் சொல்வது அரிது. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை எலிமென்டைக் கழற்றிப் படிவை நீக்கும்போதே கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் இரும்பு இழை தெரிந்தால் உடனே மாற்றுங்கள், வாஷரையும் சேர்த்து. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் என்றாலும் முழு நிம்மதி இல்லை. குளோரைடு மிகுந்த தண்ணீர் அதன் வெல்டிங் ஓரங்களைக் குழிகுழியாக அரிக்கும்.

டேங்கே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளையும் கணக்கில் சேருங்கள்: இணைப்புக் குழாய்கள், சுவர் போல்ட், பிளம்பர் கூலி, சில வீடுகளில் வயரிங். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த்தும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து அணையும் டிரிப்பரும் கட்டாயம் வேண்டும். அடுக்குமாடியின் கீழ்த்தளங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடும். 8 பார் தாங்கும் டேங்கைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் டேங்குக்கு எத்தனை ஆண்டு, எலிமென்டுக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆனோட் ராடு தனியாகக் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.