ஊராட்சி அறிவிப்பும் கணினி எழுத்தும்

ஊராட்சி நிர்வாகம் மக்கள் ஆட்சியாக விளங்க வேண்டுமாயின், அதன் அறிவிப்புகள் மக்களால் படிக்கப்பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுதோறும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. கூட்டப் பொருளும், வரவு செலவுக் கணக்கும், வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலும் இன்று கணினியிலேயே தயாராகின்றன. பட்டியலில் தம் பெயர் விடுபட்டதை ஒருவர் முன்னரே கண்டால்தான் சபையில் எழுந்து கேட்க இயலும். பலகையில் ஒட்டிய தாள் பொடி எழுத்தாக இருந்தால், ஒட்டியும் பயனில்லை. ஆகவே, எழுத்தை அமைக்கும் முறையை அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

எழுத்துருவும் எண்ணும்

கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை. ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் தருவது எழுத்துரு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தனர். உதாரணமாக, பாமினி எழுத்துருவில் ‘அ’ என்று தோன்றுவது உண்மையில் ஆங்கிலச் சின்ன ‘எம்’ எழுத்தின் எண்ணாகிய 109. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கோ கைப்பேசிக்கோ அப்பட்டியலை அனுப்பினால், பெயர்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும்.

யூனிகோடு முறையில் ‘அ’வுக்கென்றே 2949 என்ற தனி எண் உண்டு. எழுத்துரு மாறினாலும் எண் மாறாது; ஆகையால் சொல்லும் மாறாது. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. லதா, நிர்மலா, நோட்டோ முதலியவை இம்முறையில் அமைந்த எழுத்துருக்கள். பழைய கோப்பில் எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எண்களையே மாற்றித் தரும் மாற்றி மென்பொருளின் வழியாக அதைச் செலுத்த வேண்டும்.

அளவும் இடைவெளியும்

எழுத்தின் அளவு பாயிண்ட் கணக்கில் கூறப்படும். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். கையிற் பிடித்துப் படிக்கும் தாளுக்கு 12 பாயிண்ட் போதுமெனில், அதனினும் இருமடங்கு தூரத்தில் நின்று படிப்பதற்கு 24 பாயிண்ட் தேவை. அலுவலகக் கடிதத்தை அப்படியே அச்சிட்டுப் பலகையில் ஒட்டும் வழக்கம் இதனாலேயே பயனற்றது. தமிழில் மேலே புள்ளியும், கீழே உகரக் குறிகளும் வருவதால் வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று முட்டும். ஒன்றரை மடங்கு வரி இடைவெளி தருவது நன்று. பெயர்களை இடது ஓரத்திலும், ரூபாய்த் தொகைகளை வலது ஓரத்திலும் நிறுத்தினால் ஒன்றும் பத்தும் நூறும் நேர்நேராக நின்று, கூட்டிப் பார்ப்பது எளிதாகும்.

லிப்ரெ ஆபீஸ் ரைட்டரில் எழுத்து அமைப்புப் பெட்டியைத் திறந்தால் ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஒரு பகுதியும், தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறொரு பகுதியும் காணப்படும். முதற்பகுதியில் மட்டும் அளவை மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து பெரிதாகவில்லையே என்று திகைப்போர் பலர். இரண்டாம் பகுதியில் மாற்றுவதே தமிழுக்குப் பலன் தரும்.

தடிப்பு, அடிக்கோடு, நிறம்

ஒரு சொல்லை எடுத்துக்காட்டத் தடித்த எழுத்தே தமிழுக்கு ஏற்றது. அடிக்கோடு ‘மு’, ‘பு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியை வெட்டும். சாய்வெழுத்து முதியோர் கண்ணுக்குச் சிரமம் தரும். கூட்டத்தின் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் தடித்துக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் தனித்துத் தெரியாது. வெளிர் நிறங்கள் கறுப்பு வெள்ளை நகலில் மங்கிவிடுமாதலால், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தே சிறந்தது.

பாணி என்னும் வசதி

ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே பெரிதாக்குவது வீண் உழைப்பு. ‘தலைப்பு’ என்றொரு பாணியை வகுத்து, அதற்குரிய எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவற்றை ஒருமுறை நிர்ணயிக்கலாம். பின்னர் அப்பாணியை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லாத் தலைப்புக்களும் ஒருங்கே மாறும். ரைட்டரில் எஃப் 11 விசையை அழுத்தினால் பாணிகளின் பட்டியல் தோன்றும். இவ்வாறு அமைத்த தாளை மாதிரிக் கோப்பாகப் பாதுகாத்தால், அடுத்த கூட்டத்திற்கு நாளையும் பொருளையும் மட்டும் மாற்றினாற் போதும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அறிவிப்பை ஒட்டியவுடன், ஊரில் வயது முதிர்ந்த ஒருவரைப் பலகையின் முன் நின்று படித்துக்காட்டுமாறு வேண்டுங்கள். அவர் தடங்கலின்றிப் படித்தால் அறிவிப்பு சரியாக அமைந்ததென்று கொள்ளலாம். படிக்க இயலவில்லையெனில், அன்றே எழுத்தைப் பெரிதாக்கி மறு தாள் ஒட்டச் செய்யுங்கள். இதற்கு ஆகும் செலவு சில தாள்களே. இதனால் தம் பெயரைத் தாமே கண்டு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்திற்கும் மெய்யாகக் கிட்டும்.